பால் அட்டையும் பள்ளிப் பதிவேடும்

யார் வந்து எதிரே உட்கார்ந்தாலும் நான் முதலில் கேட்பது ஏ.ஆர். காப்பியைத்தான். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனதும் பணியில் இருக்கும் டாக்டர் நின்றபடியே எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகல் அது. எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தது, எங்கே எப்படி அடிபட்டதாகச் சொல்கிறார்கள், என்னென்ன காயம் என்று எல்லாம் சேர்ந்தே அரைப் பக்கம் வராது. அதில் 'எப்படி அடிபட்டது' என்ற இடத்தில் இருக்கும் ஒற்றை வரியைப் படித்துவிட்டால், கேஸ் இரண்டு வருஷத்தில் முடியுமா, ஆறு வருஷம் இழுக்குமா என்று ஓரளவு எனக்குத் தெரிந்துவிடும்.

நான் வக்கீல் அல்ல, வக்கீல் குமாஸ்தா. 1993இல், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் ஒன்றில் சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ரோடு இருக்கிற வரைக்கும் எங்கள் ஆபீசுக்கு விபத்து கேஸ் குறையாது. அலமாரியில் பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி. கட்டுகள்தான், அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுக்கள். வாதாடுவது சார். அதற்கு வேண்டிய காகிதங்களைத் தேடிப் பிடித்துக் கட்டாகக் கட்டுவது நான். அன்றைக்கு கார்பன் வைத்து நாலு காப்பி டைப் அடித்தோம், இன்றைக்கு இ-ஃபைலிங்கில் ஏற்றுகிறோம். மாறாதது ஒன்று உண்டு. எந்தத் தப்பும் செய்யாத மனிதர்தான், தன்மேல் தப்பில்லை என்பதைக் காகிதத்தால் காட்டியாக வேண்டும். அந்தக் காகிதமெல்லாம் உருவாகிற முதல் பத்து நாளில் அவர் நினைவில்லாமல் கிடப்பார். இல்லையென்றால் போய்ச் சேர்ந்திருப்பார்.

2019இல் ஒரு கொத்தனார். வயது 38. பொழுது சாய்கிற நேரம், வேலை முடிந்து கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் சாக்குப் பையில் போட்டு மொபெட்டில் கட்டிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் ஓரமாகப் போயிருக்கிறார். பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. காரை ஓட்டியவர் இறங்கிப் பார்த்தார், கூட்டம் சேர்வதைக் கண்டதும் ஏறிப் போய்விட்டார். 108 வந்து கொத்தனாரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கூடப் போன யாரோ ஒரு புண்ணியவான் டாக்டர் கேட்டதற்கு, "வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறார். பொய் இல்லை, விழத்தான் செய்தார். டாக்டர் அப்படியே எழுதிவிட்டார்: இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்ததாக.

அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினார்கள். அவர் மனைவி ஒன்பது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தார். பத்தாவது நாள்தான் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க முடிந்தது. கேஸ் கட்டில் இருந்த முதல் இரண்டு காகிதமும் எங்களுக்கு எதிராகவே நின்றன. ஏ.ஆர். காப்பி தானாக விழுந்தார் என்றது. எஃப்.ஐ.ஆர். பத்து நாள் கழித்துப் போட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எதிருரை நான் எதிர்பார்த்தபடியே வந்தது: 'மனுதாரர் தன் கவனக்குறைவால் விழுந்துவிட்டு, இழப்பீடு பெறும் கெட்ட நோக்கத்தில் எங்களிடம் காப்பீடு செய்த வாகனத்தைப் பின்னாளில் ஜோடித்துள்ளார்.'

கம்பெனிக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வண்டியை ஜோடித்துக் கேஸ் போடுகிற கும்பல்கள் இருக்கத்தான் செய்கின்றன. வயலில் வழுக்கி விழுந்தவனைக் கார் மோதியதாக மாற்றி எழுதிய கட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த பாவத்துக்கு, நிஜமாகவே அடிபட்டுப் பத்து நாள் தாமதமாக ஸ்டேஷனுக்குப் போகிற ஏழை கூண்டில் நின்று பதில் சொல்கிறான்.

கொத்தனார் மனைவியிடம், "சம்பவத்தைப் பார்த்தவங்க யாராவது உண்டாம்மா?" என்று கேட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் கார் நம்பர். அங்கே டீக்கடை வைத்திருப்பவர், கார் கிளம்பும்போது கைக்கு எட்டிய அன்றைய தாளைக் கிழித்து எழுதி, மறுநாள் விசாரிக்க வந்த மச்சானிடம் கொடுத்திருக்கிறார். முன்பக்கத்தில் தேதி, கிழமை, ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அச்சாகி இருந்தன. எஃப்.ஐ.ஆர். எழுத வைத்த அந்தத் தாளை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. சார் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத லேமினேட் கீமினேட் பண்ணிடாதப்பா, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அது மட்டும் போதாது. தேதி தாளில் இருந்தாலும் எழுத்து எப்போது எழுதியது என்று கேட்பார்கள். அப்போதுதான் சாருக்கு 108 ஞாபகம் வந்தது. ஆம்புலன்சில் வரும் உதவியாளர், நோயாளியை ஏற்றும்போதே ஒரு படிவம் நிரப்புவார். அழைப்பு வந்த நேரம், இடம், என்ன நடந்தது, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். கோர்ட் மூலம் சம்மன் அனுப்பி அதை வரவழைத்தோம். மாலை 6.50 என்று நேரம் போட்டு, கார் மோதியதில் அடிபட்டவர் என்று அதில் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்பே, கம்பெனி, கேஸ், பணம் என்ற பேச்சே பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட வரி. வாகன ஆய்வாளர் கொடுத்த எம்.வி.ஐ. ரிப்போர்ட்டிலும் காரின் இடது முன் பம்பரும் இடது ஹெட்லைட்டும் உடைந்திருந்ததாகக் கண்டிருந்தது. பின்னால் வந்து இடது ஓரத்தில் போனவரைத் தட்டிய காருக்கு வேறு எங்கே உடையும்? டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து சாட்சி சொன்னார். அன்றைக்கு அவருக்குப் போன வியாபாரத்துக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதனால்தான் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்கிறேன். சொந்தக்காரருக்கு அடிபட்டால் ஓடிப்போய் நிற்கிறவர், அழுவதற்கு முன்னால் டாக்டரிடம் "கார் மோதிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இன்ன நிறம், இந்தப் பக்கமிருந்து வந்தது, தெரிந்தால் நம்பர். அப்புறம் செல்போனில் இடத்தைப் போட்டோ எடுங்கள், வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னால். போட்டுக்கொண்டிருந்த சட்டையையும் உடைந்த செருப்பையும் தூக்கி எறியாதீர்கள். மருந்துக்கடை பில்லில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத பில் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், எல்லாம் போயிற்று.

மோதிய காருக்குச் சொந்தக்காரர் நல்லவராக இருந்துவிட்டால் வேறு மாதிரிச் சிக்கல். அவரே ஆஸ்பத்திரியில் சேர்ப்பார், ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கி வருவார், 20 ஆயிரம் ரூபாயைக் கையில் வைத்து, "எனக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்குது, கேஸ் வேணாம்" என்பார். ஸ்டேஷனில் வைத்து வெள்ளைத்தாளில் சமாதானம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிடும். மூன்றாம் மாசம் காலில் சீழ் பிடித்து இரண்டாவது ஆபரேஷன் என்றதும் எங்களிடம் வருவார்கள். "அவரு நல்ல மனுஷன், அவர எப்படிங்க கோர்ட்டுக்கு இழுக்கிறது?" என்று அடிபட்டவரே தயங்குவார். சார் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு அவர்களுக்குச் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ரோட்டில் ஓடுகிற எந்தக் காருக்கும் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் இருக்கக்கூடாது என்று சட்டம் கட்டாயப்படுத்தியிருப்பது இதற்காகத்தான். வருஷா வருஷம் அந்த நல்ல மனுஷன் பிரீமியம் கட்டியதும் இதற்காகத்தான். அவருடைய வீட்டையோ நிலத்தையோ யாரும் கேட்கவில்லை. டிரைவருக்கு லைசென்ஸ் சரியில்லை என்பது மாதிரிச் சில குறைகளில் கூட, கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் உத்தரவு போடுவது உண்டு. கார்க்காரரும் எதிர்மனுதாரர் பட்டியலில் இருப்பார், அது முறை. மோதிவிட்டு நிற்காமல் போய், கடைசிவரை எந்த வண்டி என்றே தெரியாவிட்டால்தான் வழி வேறு. இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் அரசுத் திட்டத்தில் கலெக்டர் வழியாகக் கேட்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன்னால் அது 25 ஆயிரமும் 12,500உம் தான்.

கொத்தனார் கேஸ் முடியவில்லை. மோதியது கார்தான் என்று நிலைநாட்டியது பாதிக் கிணறு. எவ்வளவு என்பது மீதி. மருத்துவக் குழு அவர் காலைப் பரிசோதித்து 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடுவது. சதவீதத்துக்கு 5 ஆயிரம் என்றால் 40க்கு 2 லட்சம். கம்பெனி வக்கீல் அதைத்தான் கேட்டார். ஆனால் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உடம்பில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது ஒன்று, அதனால் அந்த மனிதனின் சம்பாத்தியத்தில் எத்தனை போயிற்று என்பது வேறொன்று. கை போன டிரைவரும் கை போன எழுத்தரும் ஒரே மாதிரி இழந்தவர்கள் அல்ல.

கூண்டில் கொத்தனாரிடம் சார் சட்டமெல்லாம் பேசவில்லை. "சாரம் ஏறுவீங்களா?" என்றார். "ஏற முடியலைங்க." "உக்காந்து பூச முடியுமா?" "குந்தி உக்கார முடியாதுங்களே. கால் மடங்காது." "அப்ப என்ன வேல பாக்குறீங்க?" அவர் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "கலவைக்குத் தண்ணி ஊத்தறேங்க" என்றார். மேஸ்திரியாக ஆள் வைத்து வேலை வாங்கியவர். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மாத வருமானம் 12 ஆயிரம், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி 16,800, வருஷத்துக்கு 2,01,600, வயது 38க்கு உரிய பெருக்கு எண் 15, அதில் 40 சதவீதம் என்று கணக்கிட்டு 12,09,600 ரூபாய் வந்தது. வைத்தியச் செலவுக்கும் வலி வேதனைக்கும் தனி. 2 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் நடுவில் இருந்தது அந்தச் சாரம்தான்.

இந்தப் பெருக்கு எண் கணக்கு 2009இல் சரளா வர்மா வழக்கில் உறுதியானது. 15 முதல் 25 வயது வரை 18, அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு படி இறங்கும். 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15 என்று போய் 65ஐத் தாண்டினால் 5. எதிர்கால உயர்வை எவ்வளவு கூட்டலாம் என்பதை 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்தது. இந்த இரண்டு பெயரையும் எங்கள் ஆபீசில் சின்ன ஜூனியர் கூடத் தூக்கத்தில் சொல்வான்.

இனி நான் சொல்லப்போகிற கேஸ், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட மனசுக்குப் பக்கத்தில் இருப்பது.

2018 செப்டம்பர். விடியற்காலை. பால் சங்கத்துக்குப் பால் ஊற்றிவிட்டுத் தூக்குவாளியோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண் மேல், கண் அசந்துபோன ஒருவர் ஓட்டிவந்த கார் ஏறிவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. கணவன், 11 வயதில் மகள், 4 வயதில் மகன், மாமியார். மோதியதில் சந்தேகமே இல்லை. கார் பனைமரத்தில் முட்டி அங்கேயே நின்றிருந்தது. டிரைவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டிவிட்டார். எல்லாம் நேராக இருந்த கேஸ். ஆனால் அந்தப் பெண் என்ன சம்பாதித்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

நான் தொழிலுக்கு வந்த மறுவருஷம், 1994இல், சட்டத்தில் ஓர் அட்டவணை சேர்த்தார்கள். சம்பாத்தியம் இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15 ஆயிரம், மனைவி என்றால் கணவன் சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதை டைப் அடிக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மா ஞாபகம் வரும். அவள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு கூட என் அப்பா பார்த்ததில்லை. அப்புறம் 2001இல் லதா வத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3 ஆயிரம் என்று மதிப்புப் போட்டது. 2021 ஜனவரியில் கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா வீட்டு வேலையைப் பற்றி விரிவாகவே எழுதினார். அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில் எங்கள் கேஸ் விசாரணைக்கு நின்றது. சார் அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, பச்சை மையில் கோடு போட்டு வைத்துக்கொண்டார்.

சங்கத்தில் பால் அட்டை இருந்தது. காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, ரூபாய் எவ்வளவு என்று தேதிவாரியாக. ஆனால் அட்டை கணவன் பெயரில். கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் விடவில்லை.

"அட்டை உங்க பேர்லதானே இருக்கு?"

"ஆமாங்க."

"பணம் உங்க கணக்குலதானே ஏறுது?"

"ஆமாங்க."

"அப்ப பால் வருமானம் உங்களுடையது. உங்க மனைவிக்குத் தனியா வருமானம் எதுவும் கிடையாதுன்னு சொல்றேன்."

"பேரு என் பேருதாங்க. கறந்தது அவ. அவ போனப்புறம் ரெண்டு மாட்டையும் வித்துட்டேங்க. என்னைக் கிட்ட விடல."

நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்த அட்டையில் செப்டம்பர் மாதத்துப் பத்திகள் பாதி நிரம்பி, ஒரு நாளோடு நின்றுபோயிருந்தன. அக்டோபரில் மறுபடி ஊற்றிய அளவு பாதிதான். நவம்பரில் கோடு. சார் அதை அப்படியே நீதிபதி மேஜையில் வைத்தார். அந்த வெற்றுக் கட்டங்களைவிடப் பெரிய வருமானச் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. சங்கச் செயலாளரும் வந்து, பால் ஊற்ற வருகிறவர் அந்த அம்மாதான், தினமும் முதல் ஆள் என்று சொன்னார்.

வயதுதான் இன்னொரு முள். பிரேதப் பரிசோதனையில் 'சுமார் 40' என்று இருந்தது. ஆதாரில் 1981 ஜனவரி 1. நம் ஊரில் ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆதாரைப் பார்த்தால் தெரியும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதுகிறவர் போடும் தேதி அது. ஆதாரை நம்பினால் வயது 37, பெருக்கு எண் 15. கணவன், "அவ என்னைவிட அஞ்சு வயசு சின்னவங்க" என்றார். அவருக்கு 39. அப்படியானால் 34, பெருக்கு எண் 16. ஒரு எண்தானே என்று தோன்றும். கடைசியில் பார்த்தால் அந்த ஒரு எண்ணுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்.

"பள்ளிக்கூடம் போயிருக்காங்களா?" என்றேன். அஞ்சாவது வரைக்கும், தாய்வீட்டு ஊரில். மறுநாளே கணவனைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, இரண்டு அறை, ஒரு வேப்பமரம். தலைமையாசிரியை பீரோவின் அடித்தட்டிலிருந்து சேர்க்கைப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். துணி அட்டை, ஓரமெல்லாம் செல் அரித்திருந்தது. 1989 ஜூன் பக்கத்தில் நாலாவது பெயர். நீல மை, சாய்ந்த கையெழுத்து. பிறந்த தேதி 12.06.1984. தந்தை தொழில்: கூலி. அங்க அடையாளம்: வலது தாடையில் ஒரு மச்சம், இடது முழங்காலில் தழும்பு.

கணவன் எட்டிப் பார்த்தவர், தாடை என்று இருந்த இடத்தைப் படித்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். தலைமையாசிரியை ஒன்றும் கேட்கவில்லை. பதிவேட்டின் சான்றிட்ட நகலைத் தன் கையாலேயே எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். மூன்று வருஷம் கழித்து, 2024 அக்டோபரில், வயதை முடிவு செய்ய ஆதாரைவிடப் பள்ளிச் சான்றுதான் பொருத்தம் என்று உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து வழக்கில் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அந்த வேப்பமரம்தான் கண்ணில் நின்றது.

2021 கடைசியில் தீர்ப்பு. வீட்டு வேலையும் மாடுகளும் சேர்த்து மாதம் 12 ஆயிரம். எதிர்காலத்துக்கு 40 சதவீதம் கூட்டினால் 16,800. நம்பி இருந்தவர்கள் நாலு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 12,600. வருஷத்துக்கு 1,51,200. பெருக்கு எண் 16. ஆக 24,19,200. கணவனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் உறவை இழந்ததற்காக ஆளுக்கு 44 ஆயிரம், ஈமச்சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 16,500. மொத்தம் 25,84,200, மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்து ஏழரை சதவீத வட்டியோடு. பிள்ளைகள் பங்கு அவர்களுக்கு 18 ஆகும் வரை தேசிய வங்கியில் நிரந்தர வைப்பு. கம்பெனி மேல்முறையீடு போகவில்லை.

எல்லாம் இப்படி நேராக வந்து சேராது. அரசு பஸ் மோதிய கேஸ்களில், தீர்ப்பு வந்தும் பணம் வராமல் வருஷக்கணக்கில் கிடக்கும். அந்தப் பஸ்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு, கழகமே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிறைவேற்று மனு, அதில் ஜப்தி உத்தரவு. அமீனாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நான் போயிருக்கிறேன். கிளம்பத் தயாராக நிற்கிற பஸ்ஸின் கண்ணாடியில் அமீனா நோட்டீசை ஒட்டுவார். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு முணுமுணுத்துக்கொண்டே இறங்குவார்கள். பஸ் கோர்ட் வளாகத்துக்குப் போகும். இதைச் செய்வதில் எனக்கு ஒரு நாளும் சந்தோஷம் இருந்ததில்லை, அந்த டிரைவரும் கண்டக்டரும் என்ன செய்வார்கள்? ஆனால் அதே பஸ் ஸ்டாண்டில் கணவனை இழந்து ஏழு வருஷமாக அலைந்த ஒரு அம்மா, நோட்டீஸ் ஒட்டுவதைப் பார்க்க வந்து நின்றார். இரண்டு வாரத்தில் பணம் கட்டினார்கள்.

இப்போது என்னை அதிகம் வதைப்பது கெடு. 1993இல் நான் சேர்ந்தபோது விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இருந்தது. 1994 நவம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். 27 வருஷத்துக்கு மேல் கெடு இல்லை. 2019 திருத்தத்தில் அதே ஆறு மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நம் ஜனங்களுக்கு இது எட்டவே இல்லை. கருமாதி முடியும், வருஷத் திதி வரைக்கும் நல்லது கெட்டதுக்கே போக மாட்டார்கள், செத்தவர் பேரில் காசு கேட்பதைப் பற்றி அந்த வீட்டில் வாயே திறக்க மாட்டார்கள். திதி கொடுத்துவிட்டு வருகிறபோது பன்னிரண்டு மாசம் ஆகியிருக்கும். ஒருமுறை ஒரு பெரியவர் மகனைப் பறிகொடுத்துவிட்டு அப்படித்தான் வந்தார். "புள்ளய வித்த காசு வேணாம்னு இருந்தேன். பேரப்புள்ளைக்கு ஃபீசு கட்ட முடியல" என்றார். அவரிடம் தேதியை எப்படிச் சொல்வது? எழவு வீட்டுக்குப் போய்வருகிற உறவுக்காரர்கள், பதினாறாம் நாள் முடிந்ததும் வீட்டில் ஒருவரைத் தனியே கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள். அது காசு பேச்சு இல்லை. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை, தாங்கள் குடியிருக்கிற ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம்.

அந்த எழவு வீட்டுக்கு உறவுக்காரர்களுக்கு முன்னாலேயே போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிணவறை வாசலில் நிற்பார்கள், செலவுக்குப் பத்தாயிரம் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள், வருகிறதில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு என்பார்கள். வருகிற தொகையில் வக்கீல் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. சார் இதில் கறாராக இருந்ததால் எங்கள் ஆபீசுக்கு வராமல் போன கேஸ்கள் நிறைய. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

2025 ஜூனில் ஒரு நாள் மத்தியானம், சுடிதார் போட்ட ஒரு பெண் ஆபீஸ் வாசலில் நின்று, "குமாஸ்தா மாமா இருக்காங்களா?" என்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பால் அட்டைக்காரர் மகள். 18 முடிந்துவிட்டது, நர்சிங் சேர வேண்டும், வங்கியில் இருக்கிற பணத்தை எடுக்கக் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒழுங்காக வைத்திருந்தாள். ஒரு தாள் குறையில்லை.

பழைய நம்பர் பார்க்கக் கட்டை இறக்கி அவிழ்த்தேன். பள்ளிப் பதிவேட்டின் நகல் மேலே வந்தது. "இது என்னா மாமா?" என்று வாங்கிப் பார்த்தாள். அங்க அடையாளம் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தம்பிக்கு அம்மா மொகமே ஞாபகம் இல்ல மாமா. இங்க மச்சம் இருக்கும்டான்னு நான் சொன்னா, நீயா சொல்றன்னு சண்டைக்கு வரான். போட்டோல தெரியல." தன் தாடையைத் தொட்டுக் காட்டினாள். "இத ஒரு காப்பி தருவீங்களா?"

ஜூனியர் பையனை அனுப்பி ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னேன். அவன் வருவதற்குள் மனுவை அடித்து முடித்தேன். காட்டிய இடத்திலெல்லாம் முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை மனு நம்பரானது.